வீச்சுவலைக்கு வீட்டில் ஈயம் வார்ப்பது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் இறாலுக்கு வீசுகிறவர்களும், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கம் குளத்து மீனுக்கு வீசுகிறவர்களும் ஒரு விடயத்தில் ஒன்றுதான். வலை கிழிந்தால் பொத்தலாம். ஈயம் அறுந்து போனால் புதிதாகத்தான் கட்ட வேண்டும். கடையில் வாங்குகிற ஈயம் விலை என்பதால் பலர் வீட்டிலேயே உருக்கி வார்க்கிறார்கள். வலை பின்னும் இடங்களில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

எந்த ஈயம் நல்லது?

பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயம்தான் முதல் தரம். அது ஏற்கனவே வலைக்கென்று வார்க்கப்பட்டது, மென்மையானது, உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம் இல்லை. அதற்கு அடுத்தது பழைய தொலைபேசிக் கேபிளின் வெளி உறையாக இருந்த ஈயம், கூரை மூட்டுகளில் அடித்த ஈயத் தகடு போன்றவை.

மென்மையை அறிய கருவி ஒன்றும் தேவையில்லை. பெருவிரல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். சுத்தமான ஈயத்தில் கோடு விழும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் நிறக் கோடு வரும். சீமெந்துத் தரையில் போட்டால் 'தொப்' என்று விழும்; 'டிங்' என்று சத்தம் கேட்டால் அது ஈயமில்லை, அல்லது வேறு உலோகம் நிறையக் கலந்த ஈயம். பார்த்து முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

மூடிப்போன அச்சுக்கூடங்களின் பழைய எழுத்துகள் சிலரிடம் கிலோக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஈயத்தோடு அந்திமனியும் (ஈயத்தைக் கடினமாக்கும் உலோகம்) வெள்ளீயமும் கலந்திருக்கும். அழகாக வார்க்க வரும். ஆனால் குறட்டால் கயிற்றில் நெரிக்கும்போது வெடித்துப் பிளந்துவிடும். வலைக்கு அது சரிவராது. அதைவிட, அந்த எழுத்துகளை உருக்காமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ரயர்க் கடையில் சில்லு சமப்படுத்தும் ஈயம் சும்மா தருகிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம், பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒட்டும் வகை பெரும்பாலும் மென்மையான ஈயம். கொளுவும் வகையில் சில வீதம் அந்திமனி இருக்கும், கொஞ்சம் கடினம், ஆனாலும் பாவிக்கலாம். சிக்கல் என்னவென்றால் இப்போது வருகிற வாகனங்களில் பாதிக்குமேல் ஈயமே இல்லாமலும் இருக்கலாம். ஐரோப்பாவில் 2005இல் புதிய கார்களுக்கு ஈய எடையைத் தடை செய்ததிலிருந்து இரும்பும் துத்தநாகமும் நிறைய வருகின்றன. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாகத்தைச் சத்தமும் நகமும் காட்டிக்கொடுக்கும்.

தப்பித்தவறி துத்தநாகம் சட்டிக்குள் போய்விட்டால்? ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில், துத்தநாகம் 420 பாகையில். நெருப்பை அடக்கி வைத்திருந்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், அகப்பையால் எடுத்து எறியலாம். நெருப்பைக் கூட்டினால் அதுவும் கரைந்து, மொத்தச் சட்டியும் கூழ் மாதிரித் தடித்துவிடும். அப்புறம் அச்சில் ஓடாது.

பழைய பற்றரிக்குள் இருப்பதும் ஈயம்தானே?

பற்றரியை உடைக்காதீர்கள். இதில் 'கவனமாகச் செய்தால்' என்ற பேச்சே கிடையாது.

உள்ளே அமிலம் இருக்கிறது, அது கண்ணைக் குருடாக்கும். தகடுகளில் பூசியிருப்பது ஈய ஒக்சைட்டும் சல்பேற்றும், அவை தூளாகப் பறந்து நுரையீரலுக்குப் போகும். தகட்டு உலோகத்தில் அந்திமனி, ஆசனிக்கு, கல்சியம் என்று கலந்திருக்கும். அந்தக் கழிவு பிறகு மழையில் நனைந்தால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பலாம். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கிற ஈயம் கொஞ்சம்தான்.

செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் என்ற இடத்தில் 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் 18 பிள்ளைகள் இறந்தார்கள். ஊர்ச் சனங்கள் பற்றரி ஈயத்தை முற்றத்திலும் தெருமணலிலும் பிரித்தெடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடினார்கள். பற்றரியை முழுதாகவே பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுங்கள், அதற்கு விலையும் கிடைக்கும்.

காணிக்குள் துப்பாக்கி ரவை (தோட்டா), சன்னம் (அதன் முனையிலிருந்து பறக்கும் குண்டு) எல்லாம் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி உருக்கினால் என்ன?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றும் சொல்லலாம்.

சுடாத ரவையை நெருப்பில் போட்டால் வெடிக்கும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது மற்ற விடயங்கள். மண்ணில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த ரவை கறளும் சேறும் பிடித்து, சுட்டதா சுடாததா என்று கண்ணால் பிரிக்க முடியாத நிலையில் இருக்கும். சுட்ட சன்னம் என்று நினைத்து எடுத்தது ஒளிரும் வகையாகவோ தீப்பற்றும் வகையாகவோ இருக்கலாம், அதற்குள் எரிபொருள் மிச்சமிருக்கலாம். உருளையாகக் கையில் கிடைப்பது ரவையே இல்லாமல், வெடிபொருள் ஒன்றை வெடிக்கவைக்கும் பாகமாகவும் இருக்கலாம். சின்னதாக இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்று நம்பிக் கையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்து அதைத் தேடுவதில்தான் இருக்கிறது. சன்னம் கிடக்கிற மண்ணில் மிதிவெடியும் கிடக்கலாம், வெடிக்காத ஷெல்லும் கிடக்கலாம். 2009க்குப் பிறகு வன்னியில் இராணுவமும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களும் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அப்படியிருந்தும் முகமாலை போன்ற இடங்களில் ஒவ்வொரு அடியாக, மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் வேலை நடந்தது. பயிற்சி பெற்றவர்கள் கவச உடையோடு செய்கிற வேலையை மண்வெட்டியோடும் சாறத்தோடும் நாங்கள் செய்ய முடியாது. காடு வெட்டி எரிக்கும்போது தானாக வெடித்த சம்பவங்கள் உண்டு. மழைக்குப் பிறகு வெள்ளம் அரித்து, துப்புரவான இடத்துக்கே பொருட்களைக் கொண்டுவந்து போடுவதும் உண்டு.

இனி, இவ்வளவு ஆபத்தில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். போர்த் துப்பாக்கிச் சன்னம் ஒன்று ஏறத்தாழ 8 கிராம். அதில் வெளியே செம்போ செம்பு பூசிய இரும்போ உறையாக இருக்கும். பல வகைகளில் நடுவிலும் உருக்குத் தண்டுதான், ஈயம் இரண்டுக்கும் இடையில் மெல்லிய படையாக மட்டும். ஒரு வலைக்கு வேண்டிய நாலைந்து கிலோவை இப்படிச் சேர்க்கவே முடியாது. அதோடு அனுமதி இல்லாமல் ரவை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். பையில் நாலு ரவையோடு பிடிபட்டு, வலைக்கு ஈயம் எடுத்தேன் என்று விளக்கம் சொல்கிற நிலை யாருக்கும் வேண்டாம்.

கண்டால் தொடாதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119க்கு எடுத்துப் பொலிசாருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பு பொறுக்கப் போகிற பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

இணையத்தில் ஈயம் வார்க்கும் வீடியோ பார்த்தேன். ரிவோல்வர் சன்னத்தின் அடியில் 'காஸ் செக்' என்று சின்னச் செப்புக் கிண்ணம் மாட்டுகிறார்கள். ஈயத்தோடு அந்திமனியும் சேர்க்கிறார்கள். நாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அது அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்கள் செய்கிற வேறு வேலை. சுடும்போது பின்னாலிருந்து தள்ளுகிற சூடான வாயு மென்மையான ஈயத்தின் அடிப்பாகத்தை அரிக்கும், குழலின் உட்புறத்தில் ஈயம் ஒட்டிப் படியும். அதைத் தடுக்கத்தான் அடியில் செப்புக் கிண்ணம், அதற்காகத்தான் கடினமான கலவை. எங்கள் ஈயத்தை யாரும் சுடப்போவதில்லை, கயிற்றில் நெரித்துக் கட்டப்போகிறோம். அவர்களுக்குக் கடினம் வேண்டும், எங்களுக்கு மென்மை. அந்த வீடியோக்களில் சொல்கிற கலவை விகிதங்களைப் பின்பற்றினால் உங்கள் ஈயம் குறட்டில் வெடிக்கும். அவர்கள் போடுகிற கண்ணாடி, கையுறை, மூடிய சப்பாத்து ஆகியவற்றை மட்டும் அப்படியே பின்பற்றுங்கள்.

ஒரு வலைக்கு எவ்வளவு ஈயம்?

தொழிலுக்குத் தொழில் மாறும். ஆழமில்லாத களப்பில் இறாலுக்கு வீசுகிற வலைக்குக் குறைவு போதும். ஆழக் குளத்தில் விரைவாக அடியைத் தொடாவிட்டால் மீன் கீழால் ஓடிவிடும், அதற்குக் கூட வேண்டும். ஆரை ஒரு அடிக்கு அரைக் கிலோ என்பது நடுத்தரக் கணக்கு.

9 அடி ஆரை வலை என்று வையுங்கள். ஈயம் நாலரைக் கிலோ. விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 56 அடி, அதாவது 17 மீற்றர். இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமும் 9 மில்லிமீற்றர் தடிப்பும் நடுவில் 3 மில்லிமீற்றர் துளையும் உள்ள குழல் ஈயம் ஒன்று 16 கிராம் வரும். அப்படியானால் 280 ஈயம், ஆறு சென்ரிமீற்றருக்கு ஒன்று. இடைவெளி ஒரே அளவாக இருப்பது மொத்த எடையைவிட முக்கியம். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் கட்டிய வலை வட்டமாக விரியாது.

எந்தச் சட்டி, எந்த இடம்?

வெளியில், வீட்டுக்கும் கிணற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் தள்ளி. காற்று முதுகுப் பக்கம் இருந்து வர வேண்டும். சோளகம் (தென்மேற்குக் காற்று) இரைந்து அடிக்கிற நாளில் அடுப்பை மூட்டாதீர்கள், பொறி பறந்து வேலியைப் பிடிக்கும். குசினிக்குள் ஒருபோதும் வேண்டாம்.

வார்ப்பிரும்பு அல்லது தடித்த உருக்குச் சட்டி. அலுமினியச் சட்டி விறகு நெருப்பில் இளகி அடி கழன்றுவிடும். பால்மாப் பேணியும் வேண்டாம். ஐந்து கிலோ ஈயம் அரை லீற்றருக்கும் குறைவான இடத்தைத்தான் பிடிக்கும், ஆகவே பேணி போதும் என்று தோன்றும். தூக்கும்போது அந்தப் பாரத்தில் தகரம் மடிந்து காலில் ஊற்றும். சட்டியும் அகப்பையும் ஈயத்துக்கென்று ஒதுக்கியவை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் திரும்பச் சமையலுக்குப் போகக்கூடாது. ஆட்களுக்குத் தெரியும்படி கைப்பிடியில் சிவப்புப் பெயின்ற் அடித்துவிடுங்கள்.

சூடு 350 முதல் 400 பாகைக்குள் இருந்தால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் மேற்பரப்பைப் பாருங்கள். மேலே படிகிற கசடை ஒதுக்கியவுடன் வெள்ளி மாதிரி மினுங்கி, மெதுவாக மங்கினால் அளவு சரி. நீலம், ஊதா, பொன்னிறம் என்று படலம் விறுவிறென்று படர்ந்தால் விறகை இழுங்கள். சட்டியின் அடி சிவந்து தெரிகிற அளவுக்கு விடவே கூடாது, சூடு ஏற ஏற ஈயப் புகையும் கூடும். துணி முகக்கவசம் அந்தப் புகையைத் தடுக்காது. தள்ளி நிற்பதும் சூட்டை அடக்குவதும்தான் பாதுகாப்பு.

உருக்கும்போது 'பட்' என்று தெறித்தது. ஏன்?

தண்ணி. வேறு காரணம் அநேகமாக இருக்காது.

உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி தண்ணி அகப்பட்டால் அது கணத்தில் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்குமேல் விரியும். மேலே இருக்கிற ஈயம் முழுவதும் முகத்துக்கு வரும். பழைய வலை ஈயத்தின் துளைக்குள் ஈரமணலும் உப்பும் அடைந்திருக்கும், வெளியே காய்ந்த மாதிரித்தான் தெரியும். ஆகவே நல்ல வெயிலில் சில நாள் காயவிடுங்கள். அதைவிட முக்கியம், ஈயம் முழுவதையும் குளிர்ந்த சட்டியில் போட்டு, பிறகு நெருப்பு மூட்டுங்கள். ஈரம் இருந்தால் ஈயம் உருகுவதற்கு முன்பே ஆவியாகிப் போய்விடும். ஏற்கனவே உருகியிருக்கிற ஈயத்துக்குள் புதுத் துண்டைப் போடுவதுதான் பெரும்பாலான விபத்துக்குக் காரணம். கூடப் போட வேண்டுமென்றால் அடுத்த தடவைக்கு வையுங்கள்.

அகப்பையையும் அச்சையும்கூட நெருப்போரம் வைத்துச் சூடாக்கிய பிறகே பாவியுங்கள். பக்கத்தில் தண்ணி வாளி, தேநீர்க் கோப்பை வேண்டாம். தீயணைக்கக் காய்ந்த மணல் வையுங்கள். நெற்றி வியர்வை சொட்டுவதையும் கவனியுங்கள், துணி கட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இந்த வேலையே வேண்டாம்.

வார்த்த ஈயம் சுருங்கிச் சுருங்கி, பாதி நிரம்பாமல் வருகிறது.

அச்சு குளிர்ந்திருக்கிறது. முதல் நாலைந்து வார்ப்பு அப்படித்தான் வரும். அவற்றை எடுத்து வையுங்கள், அச்சுச் சூடேற நேராகிவிடும். ஈயம் ஒட்டிக்கொண்டால் அச்சின் உட்புறத்தையும் துளைக்குச் செருகுகிற கம்பியையும் மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கரி பிடிக்கக் காட்டுங்கள், லேசாகக் கழன்று வரும். களிமண், சாந்து அச்சுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஈரம் நிற்கும். அலுமினிய அச்சு நல்லது.

அச்சே இல்லாதவர்கள் காய்ந்த தட்டையான இரும்புத் தட்டில் மெல்லிய தகடாக ஊற்றி, கத்தரியால் கீலம் கீலமாக வெட்டி, ஆணியில் சுற்றிக் குழலாக்கலாம். வடிவு குறைவு, வேலைக்குக் குறைவில்லை.

ஓரத்தில் நிற்கும் பிசிறு நைலோன் நூலை அறுக்கும். அதைக் கத்தியால் சீவுங்கள். அரத்தால் அராவினால் ஈயத்தூள் பறக்கும்.

ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கிறார்கள். கூடாதா?

கூடவே கூடாது. வலை கட்டும்போது நாலைந்து ஈயத்தை வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அப்பா, பெரியப்பா தலைமுறையில் இது சாதாரணம். அண்ணைமாரே, ஒரு குறட்டு விலைதான், வாங்கிவிடுங்கள்.

ஈயம் உடம்புக்குள் போகிற முக்கிய வழி புகையைவிட வாய்தான். ஈயம் பிடித்த கையோடு வெற்றிலை போடுவது, பீடி பற்றவைப்பது, பணிஸ் சாப்பிடுவது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நகத்தடி வரை கழுவுங்கள். வேலைச் சாறத்தையும் சேட்டையும் தனியாகத் துவையுங்கள். அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு இது ஏன் மோசம் என்றால், வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு அவர்களின் உடம்பு உறிஞ்சும். வளர்கிற மூளையைத்தான் அது தாக்கும். இந்த அளவு வரை ஒன்றும் செய்யாது என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கர்ப்பிணித் தாயின் இரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆகவே உருக்குகிற இடத்துக்குப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வரக்கூடாது. ஈயம் கட்டிய வலையைப் படுக்கிற அறையில் தொங்கவிடக்கூடாது. வார்த்த ஈயத்தைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடக்கூடாது.

உருக்கிய பிறகு பால் குடித்தால் ஈயம் போய்விடும் என்கிறார்களே?

போகாது. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் தங்கி வருடக்கணக்கில் இருக்கும். கல்சியமும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு கூடுதலாக ஈயத்தை உறிஞ்சும் என்பது உண்மை. அதனால் மீன், கீரை, பால் எல்லாம் நன்றாகச் சாப்பிடுவது நல்லது. ஆனால் அது கை கழுவுவதற்குப் பதிலாகாது.

தீராத வயிற்று வலி, மலச்சிக்கல், களைப்பு, தலையிடி, காரணமில்லாத எரிச்சல் இருந்தால் வைத்தியரிடம் போய், "நான் ஈயம் உருக்குகிறனான்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. பிள்ளைகளிடம் அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனைதான் காட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் கேட்டால் வழி சொல்வார்கள்.

உருகிய ஈயம் மேலே பட்டுவிட்டால்?

இருபது நிமிடம் ஓடுகிற சுத்தமான தண்ணியில் பிடியுங்கள். ஒட்டிய ஈயத்தை இழுத்துப் பிடுங்காதீர்கள், தோலோடு வரும். பற்பசை, தேன், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டாலோ காயம் பெரிதென்றாலோ 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும். நைலோன் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தி உடுப்போடுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

ஈயம் இல்லாமல் வேறு எதைக் கட்டலாம்?

இரும்புச் சங்கிலி. தண்ணிக்குள் ஒரு கிலோ ஈயம் 910 கிராமாக இழுக்கும், இரும்பு 870 கிராமாக. வித்தியாசம் கொஞ்சம்தான். கறள் பிடிப்பதும் சத்தமும்தான் குறை, நன்னீர்க் குளங்களில் கறள் அவ்வளவு வேகமாகப் பிடிக்காது. சுட்ட மண் குண்டு தண்ணிக்குள் பாதி எடையை இழந்துவிடும், வீச்சுவலைக்கு அது போதாது. நிறுத்தி வைக்கிற வலைக்கு நல்லது.

பிள்ளைகள் இருக்கிற சின்ன வளவில் உருக்க இடம் இல்லாதவர்களுக்குச் சங்கிலியைத்தான் நான் சொல்வேன். களப்பில் அறுந்து விழுகிற சின்ன ஈயத் துண்டுகளைப் பறவைகள் கல்லென்று விழுங்கிச் சாகும் என்பதும் ஒரு காரணம். அன்னங்கள் இப்படிச் செத்ததால் பிரித்தானியாவில் 1987இலேயே 28 கிராம் வரையான தூண்டில் ஈயங்களுக்குத் தடை வந்தது. மன்னார் வங்காலைக்கும் நந்திக்கடலுக்கும் வருகிற பறவைகளும் அதே மாதிரிச் சேற்றைக் கிண்டித்தான் இரை தேடுகின்றன.

மேலே வருகிற கசடை என்ன செய்வது?

முதலில் கசடைக் குறையுங்கள். மெழுகுதிரித் துண்டு ஒன்றைப் போட்டு, காய்ந்த தடியால் கிண்டினால் கசடுக்குள் இருக்கிற ஈயத்தில் ஒரு பகுதி திரும்பச் சட்டிக்குள் இறங்கும். மெழுகு பற்றி எரியும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மிச்சம் சாம்பல் நிறத் தூள். முழுத் துண்டைவிட அந்தத் தூள்தான் ஆபத்து. மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு, மேலே 'ஈயக் கசடு, தொடாதே' என்று எழுதி, பழைய பற்றரி வாங்க வருபவரிடம் கொடுங்கள். அடுப்பு மூட்டிய இடத்து மேல்மண்ணையும் சுரண்டி அதே பேணிக்குள் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலேயே உருக்குங்கள். அங்கே பிள்ளைகள் விளையாடவும், கோழி மேயவும், கீரை நடவும் விடாதீர்கள்.